பிசின் மணிகளில் ஆக்டினைடுகள் எதனோடு பிணைகின்றன: நிறமாலை வழியே அறிய ஒரு தொடக்க வழிகாட்டி

சிறிய குழலில் நிரப்பிய, யுரேனியத்தைப் பிடிக்கும் யூடெவா என்ற பிசினின் மேல், 3 மோலார் நைட்ரிக் அமிலத்தில் கரைந்த யுரேனைல் நைட்ரேட்டை மெல்ல விட்டால், வெண்மையான மணிகளின் மேலடுக்கு சற்று நேரத்தில் மஞ்சளாகிவிடுவதையும் கீழே சொட்டும் அமிலம் நிறமற்று இறங்குவதையும் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஆக்டினைடு வரிசைத் தனிமங்களில் ஒன்றான யுரேனியம் பிடிபட்டுவிட்டது என்பதற்கு அதுவே போதுமான சாட்சி. ஆனால் அது எதனோடு பிணைந்தது, எத்தனை நைட்ரேட் அயனிகளை உடன் அழைத்துச் சென்றது, தன்னைச் சூழ்ந்திருந்த நீர் மூலக்கூறுகளை முழுவதும் உதறியதா என்ற கேள்விகளுக்கு அந்த மஞ்சள் நிறம் மட்டும் விடை தராது. உலோகம் பிசினுக்கும் கரைசலுக்கும் இடையே எப்படிப் பங்கிடப்படுகிறது என்று காட்டும் பங்கீட்டு விகிதமும் தராது. எவ்வளவு பிடிபட்டது என்று மட்டுமே அது சொல்லும். பிடித்தது யார் என்பதை நிறமாலைதான் சொல்ல வேண்டும். வேதியியலில் அடிப்படைப் பயிற்சி பெற்று, இத்துறைக்குள் இப்போதுதான் நுழைகிறவர்களுக்காக அந்த வேலையைச் செய்யும் முறை இங்கே வரிசையாகத் தரப்படுகிறது.

முதற்படி: பிசினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுதல்

பிரித்தெடுப்பு வண்ணப்பிரிகைக்கான பிசின் என்பது, துளைகள் நிறைந்த அக்ரிலிக் பலபடி மணிகளின் உள்ளே ஒரு திரவப் பிரித்தெடுப்பான் ஊறவைக்கப்பட்ட பொருள். அயனிப் பரிமாற்றப் பிசினில் வினைபுரியும் தொகுதி பலபடியோடு வேதிப் பிணைப்பால் ஒட்டியிருக்கும். இங்கே அப்படி இல்லை, பிரித்தெடுப்பான் துளைகளுக்குள் ஒரு மெல்லிய திரவப் படலமாக மட்டுமே தங்கியிருக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் பின்னால் வருந்துவார்கள். ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் பிலிப் ஹார்விட்ஸின் குழு 1990-களின் முற்பகுதியில் வகுத்த பிசின்கள்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களின் அலமாரியில் இருக்கின்றன. யூடெவாவில் இருப்பது டைஅமைல் அமைல்பாஸ்போனேட். டெவாவில் இருப்பது நான்கிணைய அம்மோனியம் உப்பு. டிஆர்யு பிசினில் எடைக்கு 13 விழுக்காடு சிஎம்பிஓவும் 27 விழுக்காடு டிபிபியும் என, பாஸ்பரஸ் அடங்கிய இரண்டு பிரித்தெடுப்பான்கள் கலந்திருக்கின்றன. பின்னாளில் வந்த டிஜிஏ பிசினில் டோட்கா என்று சுருக்கி அழைக்கப்படும் டைகிளைக்காலமைடு உள்ளது. அதன் இரண்டு கார்பனைல் ஆக்சிஜன்களும் நடுவிலுள்ள ஈதர் ஆக்சிஜனும் சேர்ந்து ஓர் உலோக அயனியை மூன்று கைகளால் பற்றுகின்றன.

டிஆர்யு போன்ற கலவைப் பிசினோடு தொடங்க வேண்டாம். இரண்டு பிரித்தெடுப்பான்களிலும் பாஸ்போரைல் தொகுதி (பாஸ்பரஸ்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) இருப்பதால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே சிரமம். யூடெவாவோ டிஜிஏவோ நல்ல தொடக்கம்.

இரண்டாம் படி: உலோகத்தைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிசியம், கியூரியம் ஆகியவற்றின் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக்கு யூரோப்பியமும் நியோடிமியமும் கதிரியக்கமற்ற நல்ல பதிலிகள். நான்காம் நிலைக்குத் தோரியம் ஓரளவு பொருந்தும். ஆறாம் நிலைக்கு யுரேனியமே நேரடியாகக் கிடைக்கிறது. செயல்முறை முழுவதையும் முதலில் யூரோப்பியத்தைக் கொண்டு பழகிவிட்டு, பிறகு யுரேனியத்துக்குச் சென்று, அதன் பின்னரே யுரேனியத்துக்கு அப்பாற்பட்ட தனிமங்களைத் தொடுவது முறையான வரிசை. அங்கேயும் ஐசோடோப்பைத் தேர்ந்தெடுப்பதில் அறிவு வேண்டும். 244 நிறை எண் கொண்ட கியூரியத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 18 ஆண்டுகள். 248 நிறை எண் கொண்டதற்கோ ஏறத்தாழ 3,48,000 ஆண்டுகள். நிறமாலைக்குத் தேவையான அளவு உலோகத்தை எடுக்கும்போது, இரண்டாவது ஐசோடோப்பு வெளியிடும் கதிர்வீச்சு பன்மடங்கு குறைவாக இருப்பதால் பிரித்தெடுப்பானும் அதிகம் சிதையாது. புளூட்டோனியத்தில் 239-க்குப் பதிலாக 242 நிறை எண் கொண்டதை விரும்புவதும் இதே காரணத்தால்தான். இயற்கை யுரேனியமானாலும் சரி, உரிமமும் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதலும் இன்றி ஒரு துளியையும் எடுக்கக் கூடாது. ஆல்பாத் துகள்களை வீசும் கனமான ஆக்டினைடுகள் கையுறைப் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: எவ்வளவு ஏற்றுவது என்ற கணக்கு

புதியவர்கள் நல்ல சமிக்ஞை கிடைக்கட்டும் என்று பிசினை உலோகத்தால் நிரப்பிவிடுகிறார்கள். நிரம்பி வழியும் பிசினில் பிரித்தெடுப்பானுக்குத் தட்டுப்பாடு வந்து, வழக்கமான பிரிப்பு வேலையில் ஒருபோதும் உருவாகாத அணைவுகள் தோன்றிவிடும். எனவே கணக்கை முதலில் போட்டுவிட வேண்டும். 100 மில்லிகிராம் யூடெவாவில் 40 மில்லிகிராம் பிரித்தெடுப்பான் இருக்கிறது என்று கொள்வோம். அதன் மூலக்கூறு நிறை 292, ஆகவே 0.137 மில்லிமோல். ஒரு யுரேனைலுக்கு (இரண்டு ஆக்சிஜன்களைத் தாங்கிய ஆறாம் நிலை யுரேனிய அயனிக்கு) இரண்டு பிரித்தெடுப்பான்கள் என்ற விகிதத்தில் உச்சபட்சமாக 0.068 மில்லிமோல் யுரேனியம், அதாவது 16 மில்லிகிராம் பிடிக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு, 1.6 மில்லிகிராம், என்பதே வேலை செய்ய ஏற்ற அளவு. இதனை 5 மில்லிலிட்டர் 3 மோலார் அமிலத்தில் கரைத்து, பிசினோடு சேர்த்து ஒரு மணி நேரம் குலுக்கியில் வைத்தால் பெரும்பகுதி மணிகளுக்குள் போய்விடும். மேலே நிற்கும் திரவத்தில் எஞ்சிய யுரேனியத்தை அளந்து, எடுத்ததிலிருந்து கழித்து, உண்மையில் ஏறிய அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். உலோகத்தைச் சேர்ப்பதற்கு முன் அதே செறிவுள்ள வெற்று அமிலத்தில் பிசினை இரண்டு முறை சமநிலைப்படுத்துவதும் கட்டாயம். பிரித்தெடுப்பான் அமிலத்தையும் உள்ளிழுக்கும் என்பதால், அதைச் செய்யாவிட்டால் அமிலச் செறிவு நாம் எழுதிவைத்த எண்ணாக இராது.

இங்கே பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். கரிமப் பிசினும் நைட்ரிக் அமிலமும் ஒன்றாக நீண்ட நாள் கிடப்பது ஆபத்து. சூடும் உலர்வும் கதிர்வீச்சும் சேர்ந்தால் ஆபத்து பெருகும். 1976 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு வளாகத்தில், அமெரிசியத்தை மீட்கும் அயனிப் பரிமாற்றக் குழல் ஒன்று, வேலை நிறுத்தத்தால் பல மாதங்கள் அமிலத்தோடு அப்படியே விடப்பட்டிருந்த நிலையில், மீண்டும் இயக்கப்பட்டபோது வெடித்து, எதிரே நின்ற பணியாளரை அமெரிசியத்தால் மூழ்கடித்தது. நமது மாதிரி மில்லிகிராம் கணக்கில் இருக்கலாம். இருந்தாலும் ஏற்றிய பிசினை இறுக்கி மூடிய புட்டியில் வாரக்கணக்கில் வைப்பதையும், அடுப்பில் உலர்த்துவதையும் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

நான்காம் படி: நான்கு புட்டிகள்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதாயின் இந்தப் படியை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் நான்கு மாதிரிகள் வேண்டும். முதலாவது, பிசினைத் தொடாத உலோக அமிலக் கரைசல். இரண்டாவது, அதே பிரித்தெடுப்பானை டோடெக்கேன் போன்ற நீர்த்தியில் (பிரித்தெடுப்பானின் செறிவைக் குறைக்கும் கரிமக் கரைப்பானில்) கரைத்து, அதே அமிலக் கரைசலோடு குலுக்கிப் பிரித்த கரிம அடுக்கு. மூன்றாவது, உலோகம் ஏறிய பிசின். நான்காவது, உலோகமில்லாத அமிலத்தில் சமநிலைப்படுத்திய பிசின். உலர்ந்த புதுப் பிசினை நான்காவதன் இடத்தில் வைப்பது பரவலான தவறு. அமிலத்தின் புரோட்டானும் பாஸ்போரைல், கார்பனைல் ஆக்சிஜன்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டு அவற்றின் நிறமாலையை நகர்த்தும். உலர்ந்த பிசினோடு ஒப்பிட்டால் அமிலம் செய்த வேலை உலோகத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

இரண்டாவது புட்டி எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. நீர்த்தியில் நடப்பதுதான் பிசினிலும் நடக்கிறது என்று பாடநூல்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மணிக்குள் நீர்த்தியே இல்லை, பிரித்தெடுப்பான் செறிந்து கிடக்கிறது, பலபடியின் சுவரும் அருகில் இருக்கிறது. ஒத்திருக்கிறதா என்பதை அளந்து காட்டுவதுதான் நம் வேலை. டோட்காவைப் பயன்படுத்துவோர் கவனிக்க: உலோகமும் அமிலமும் கூடினால் கரிம அடுக்கு இரண்டாகப் பிரிந்து மூன்றாம் அடுக்கு ஒன்று உருவாகிவிடும், செறிவைக் குறைத்தோ சிறிது ஆக்டனாலைச் சேர்த்தோ அதனைத் தவிர்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: மணிகளுக்கு இடையேயுள்ள கரைசலை அகற்றுதல்

குலுக்கி முடித்த பிசினை வடிதாளில் கொட்டிவிட்டால் போதாது. மணிகளின் இடைவெளிகளில் தங்கிய கரைசல், பிடிபடாத உலோகத்தோடு நிறமாலையில் வந்து நிற்கும். வடிகட்டியுள்ள சிறு குழாய்களில் இட்டு மையவிலக்கியில் சுழற்றி, அதே செறிவுள்ள வெற்று அமிலத்தால் ஒருமுறை சுருக்கமாக அலசி, மறுபடி சுழற்ற வேண்டும். நீரால் அலசினால் பிணைப்பே கலையும். ஈரம் அகன்றபின் அமிலச் செறிவும் நீரின் அளவும் மாறுவதால், முழுவதும் உலர்த்தாமல் ஈரத்தோடேயே, மூடிய கலத்தில், அன்றைக்கே அளவிட வேண்டும்.

ஆறாம் படி: புறஊதா, கட்புல நிறமாலை

எளிய கருவி என்பதால் இதிலிருந்தே தொடங்கலாம். மணிகள் ஒளியைச் சிதறடிப்பதால் சாதாரண ஒளிபுகு அளவீட்டில் அடிக்கோடு மேலேறி நிற்கும். ஒருங்கிணைக்கும் கோளம் கருவியோடு இருந்தால் சிதறிய ஒளியைப் பிரதிபலிப்பு முறையில் அளப்பது நல்லது. இல்லையெனில் 1 மில்லிமீட்டர் ஒளிப்பாதையுள்ள குவெட்டில் ஈரப் பிசினை அடைத்து, நான்காவது புட்டியின் பிசினை ஒப்பீட்டு மாதிரியாக வைத்து அளக்கலாம். சிதறலைக் குறைக்க டொலுவீன் போன்ற திரவத்தால் மணிகளை நனைக்கும் யோசனை யாருக்கேனும் தோன்றும். அது பிரித்தெடுப்பானையே கழுவி வெளியே கொண்டுவந்துவிடும்.

எங்கே பார்க்க வேண்டும்? யுரேனைலின் மெலிந்த பட்டைகள் 380 முதல் 480 நானோமீட்டர் வரை வரிசையாக நிற்கும். நீர் சூழ்ந்த யுரேனைலின் உச்சம் 414-ஐ ஒட்டி இருக்கும், நைட்ரேட் நெருங்கிப் பிணையும்போது அந்தச் சீப்புப் பற்கள் கூர்மையாகி இடம் பெயரும். நெப்டியூனியம் ஐந்தாம் நிலைக்கு 980 நானோமீட்டரில் ஒடுங்கிய, வலுவான கோடு. அமெரிசியம் மூன்றாம் நிலைக்கு 503-இல். இந்தக் கோடுகள் ஆக்சிஜனேற்ற நிலையைச் சரிபார்க்கவும் உதவும். ஆறாம் நிலையில் ஏற்றிய நெப்டியூனியம் கரிமப் பொருள்களின் நடுவே ஐந்தாம் நிலைக்கு இறங்குவது வழக்கம். பிடிமானம் குறைந்ததாக எண்ணி மூளையைக் குழப்பிக்கொள்ளும் முன் 980-ஐப் பார்த்துவிட வேண்டும்.

இந்த எளிய கருவியின் வலிமைக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1960-இல் ரயன் என்பவர், எதிரயனிப் பரிமாற்றப் பிசின் மணிகளில் ஏறிய நான்காம் நிலை ஆக்டினைடுகளின் நிறமாலையையும், ஆறு நைட்ரேட் கொண்ட அணைவின் தூய உப்புகளின் நிறமாலையையும் அருகருகே வைத்தார். வெளியே உள்ள அமிலக் கரைசலில் பலவித நைட்ரேட் அணைவுகள் கலந்து கிடக்கும்போதும், மணிக்குள் இருப்பது ஆறு நைட்ரேட் கொண்டதே என்பது அந்த ஒப்பீட்டில் தெரிந்தது. கரைசலில் சிறுபான்மையாய் இருப்பதைப் பிசின் தேடி எடுத்துக்கொள்ளக்கூடும். கரைசலை மட்டும் ஆராய்ந்து பிசினைப் பற்றி எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் படி: ஒளிர்வும் அதன் ஆயுட்காலமும்

என் கணிப்பில், புதியவருக்கு மிகுந்த பலன் தருவது இந்த முறைதான். யூரோப்பியத்தை 394 நானோமீட்டரில் தூண்டினால் 592, 616 ஆகிய இடங்களில் சிவப்பொளி வரும். 592-இல் உள்ள பட்டையின் வலிமை சூழலால் அதிகம் மாறாது. 616-இல் உள்ளது சூழலின் சமச்சீர் குலையக் குலைய ஓங்கும். எனவே இரண்டின் விகிதம் முதல் தடயம். 580-ஐ ஒட்டிய மெல்லிய பட்டை, ஒரே வகைச் சூழலுக்கு ஒன்றுக்கு மேல் பிளவுபடாது. அங்கே இரண்டு உச்சங்கள் தெரிந்தால் குறைந்தது இரண்டு வகை அணைவுகள் உண்டு. உயர்ந்த சமச்சீர் கொண்ட அணைவில் இந்தப் பட்டை மிகவும் மங்கிப்போகும் என்பதால், அது தெரியாவிட்டால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்து ஆயுட்காலம். யூரோப்பியத்தைத் தொட்டுநிற்கும் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் அதன் ஒளிர்வாற்றலை வாங்கித் தன் அதிர்வில் கரைத்துவிடுகிறது. நீர் கூடினால் ஆயுள் குறையும். ஆயுட்காலத்தை மில்லிவினாடியில் அளந்து, 1.07-ஐ அதனால் வகுத்து, 0.62-ஐக் கழித்தால் நீரின் எண்ணிக்கை கிடைக்கும். பிழை அரை மூலக்கூறு அளவுக்கு இருக்கும். நீரில் கரைந்த யூரோப்பியத்துக்கு ஆயுட்காலம் 0.11 மில்லிவினாடி. கணக்கிட்டால் 9.1, அதாவது ஒன்பது நீர். டிஜிஏ பிசினில் ஏற்றியபின் ஆயுட்காலம் மில்லிவினாடிக் கணக்குக்கு நீண்டு, நீரின் எண்ணிக்கை பூச்சியமாகிவிடும்: மூன்று டோட்காக்கள் மும்மூன்று ஆக்சிஜன்களால் ஒன்பது இடங்களையும் நிரப்பிவிடுகின்றன. கியூரியத்துக்குச் சூத்திரம் வேறு: 0.65-ஐ வகுத்து 0.88-ஐக் கழிக்க வேண்டும். அதன் ஒளிர்வு நீரில் 594 நானோமீட்டரை ஒட்டி இருந்து, ஈனி (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு அல்லது அயனி) நெருங்கும்போது நீண்ட அலைநீளத்துக்கு நகரும்.

இந்த ஆயுட்காலங்கள் நீண்டவை என்பதால், துடிப்பு செனான் விளக்குள்ள சாதாரண ஒளிர்வுமானியே யூரோப்பியத்துக்குப் போதும்; லேசர் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. பிசினின் கரிமப் பொருள்கள் தாமே வெளியிடும் ஒளி நானோவினாடிகளில் அணைந்துவிடும் என்பதால், தூண்டிய பின் 20 மைக்ரோவினாடி காத்திருந்து பதிவைத் தொடங்கினால் பின்னணி முழுவதும் மறைந்துவிடும். யுரேனைலுக்கு அவ்வளவு காத்திருக்க முடியாது. நீரில் அதன் ஆயுள் இரண்டு மைக்ரோவினாடிக்கும் குறைவு. குளோரைடு அயனி யுரேனைலின் ஒளிர்வை அணைத்துவிடும் என்பதால் ஹைட்ரோகுளோரிக் அமில மாதிரிகளில் ஒளி வராவிட்டால் வியப்படையக் கூடாது.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஏற்றிய டிஜிஏ பிசினில் நான் முதலில் அளந்த சிதைவு வரைபடம் ஒற்றை அடுக்குக்குறிக் கோட்டில் பொருந்தவில்லை. நீண்ட ஆயுளோடு கூடவே 0.11 மில்லிவினாடியில் ஒரு குறும்பகுதியும் இருந்தது. பிசினில் இரண்டாவது அணைவைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு வாரம் மகிழ்ந்திருந்தேன். அந்த 0.11 என்ற எண் எங்கேயோ பார்த்ததாயிற்றே என்று உறைத்தபோது, ஐந்தாம் படியை நான் செய்யவேயில்லை என்பதும், மணிகளுக்கு இடையே நின்ற வெறும் கரைசலைத்தான் அளந்திருக்கிறேன் என்பதும் புரிந்தது. மையவிலக்கியில் ஐந்து நிமிடம் சுழற்றியதும் என் கண்டுபிடிப்பு காணாமல் போயிற்று.

எட்டாம் படி: அகச்சிவப்பு நிறமாலை

முந்தைய முறைகள் உலோகத்தின் பக்கம் நின்று பேசுகின்றன. இது ஈனியின் பக்கம் நின்று பேசுகிறது. உலோகம் ஆக்சிஜனைத் தன்பால் இழுக்கும்போது, டிபிபி போன்றவற்றில் பாஸ்போரைல் பட்டை 1280-ஐ ஒட்டிய அலை எண்ணிலிருந்து (செ.மீ.⁻¹ அலகில்) 1190-ஐ நோக்கி இறங்கும். டோட்காவின் அமைடு கார்பனைல் 1660-ஐ ஒட்டிய இடத்திலிருந்து 1620 அளவுக்கு இறங்கும். யுரேனைலின் சமச்சீரற்ற நீட்சிப் பட்டை நீரில் 962-இல் இருந்து, நைட்ரேட்டும் டிபிபி போன்ற ஈனியும் பிணைந்தால் 940 அருகே வரும். நைட்ரேட் இரு ஆக்சிஜன்களால் பற்றியிருந்தால் 1525 அருகே ஒரு பட்டை எழும். பற்றாமல் வெளியே நின்றால் 1380-ஐ ஒட்டி அகன்ற பட்டையாக இருக்கும்.

ஆனால் பிசினில் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. தாங்கும் பலபடி அக்ரிலிக் எஸ்தர் என்பதால் 1730-இல் வலுவான கார்பனைல் பட்டையும், 1150 முதல் 1260 வரை கார்பன்–ஆக்சிஜன் பட்டைகளும் அதற்கே சொந்தம். பாஸ்போரைல் இறங்கிவந்து நிற்கும் இடமும் அதுவே. ஆகவே யூடெவாவில் பாஸ்போரைல் நகர்வை மணியிலிருந்து நேரடியாகப் படிப்பது நம்பகமற்றது. இரண்டாவது புட்டியின் கரிம அடுக்கில் அதனைப் படித்துவிட்டு, மணியில் யுரேனைல், நைட்ரேட் பட்டைகள் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்ப்பதே நேர்மையான வழி. டிஜிஏவில் அமைடு பட்டை 1730-இலிருந்து தள்ளி இருப்பதால் நிலைமை மேல். ஆனால் அங்கே நீரின் வளைவு அதிர்வு 1640-இல் வந்து மறைக்கும். கனநீரில் தயாரித்தால் அந்தப் பட்டை 1210-க்கு விலகிப்போகும். அதே காரணத்தால் பாஸ்போரைல் பிசினுக்குக் கனநீர் உதவாது, கெடுக்கும்.

ஒன்பதாம் படி: எக்ஸ்-கதிர் உட்கவர்வு

உலோகத்தைச் சூழ்ந்த அணுக்களின் தூரத்தையும் எண்ணிக்கையையும் காட்டும், எக்ஸாஃப்ஸ் எனப்படும் இம்முறைக்குச் சின்க்ரோட்ரான் என்ற பெரிய துகள் முடுக்கி வேண்டும் என்பதால், மேலே சொன்ன எல்லாம் முடிந்து கேள்வி கூர்மையான பிறகே இதற்கு நேரம் கேட்க வேண்டும். யுரேனியத்தின் மூன்றாம் எல் விளிம்பு 17.166 கிலோ எலக்ட்ரான் வோல்ட்; இவ்வாற்றலுள்ள கதிர் பல அடுக்கு நெகிழிப் பைகளையும் ஊடுருவும் என்பதால், ஈரப் பிசினை அடைத்தபடியே அளக்கலாம். யுரேனைல் ஆக்சிஜன் 1.77 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியும், இரு கைகளால் பற்றிய நைட்ரேட்டின் ஆக்சிஜன் 2.5 அளவிலும், அதன் நைட்ரஜன் 3-ஐ ஒட்டியும் தெரியும். தூரத்தை 0.02 ஆங்ஸ்ட்ராம் வரை நம்பலாம். அண்டை அணுக்களின் எண்ணிக்கையில் இருபது விழுக்காடு பிழை சாதாரணம், ஆகவே ஐந்தா ஆறா என்று இதைக் கொண்டு மட்டும் வாதாடக் கூடாது. மாதிரியில் உள்ள எல்லா அணைவுகளின் சராசரியையே இது காட்டும். கதிரே உலோகத்தை ஒடுக்கிவிடக்கூடும் என்பதால் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது அவசியம்.

பத்தாம் படி: சாய்வையும் நிறமாலையையும் எதிரெதிரே வைத்தல்

பங்கீட்டு விகிதத்தின் மடக்கையைப் பிரித்தெடுப்பான் செறிவின் மடக்கைக்கு எதிராக வரைந்து, சாய்விலிருந்து ஈனிகளின் எண்ணிக்கையைச் சொல்வது பழைய முறை. டோட்காவில் அல்கேன் நீர்த்திகளில் சாய்வு நான்கை ஒட்டி வரும். ஒளிர்வும் எக்ஸாஃப்ஸும் மூன்றே என்கின்றன. இரண்டில் ஒன்று பொய்யென்று முடிவுகட்ட வேண்டியதில்லை. டோட்கா மூலக்கூறுகள் அமிலத்தோடு சேர்ந்து திரளும் இயல்புடையவை. சாய்வு அந்தத் திரளில் பங்கேற்கும் எல்லாவற்றையும் எண்ணுகிறது, நிறமாலை உலோகத்தைத் தொட்டுநிற்பவற்றை மட்டும் எண்ணுகிறது. மின்சுமைச் சமநிலைக்கு மூன்று நைட்ரேட்கள் உடன் இருந்தாக வேண்டும். நீரும் இல்லை, ஒன்பது இடங்களும் நிரம்பிவிட்டன, 1525-இல் பட்டையும் எழவில்லை என்றால், அந்த நைட்ரேட்கள் உலோகத்தைத் தொடாமல் வெளிக்கோளத்தில்தான் நிற்கின்றன. ஆய்வேட்டில் இந்த முடிவை எழுதும்போது, எந்த வாக்கியம் எந்தப் புட்டியின் அளவீட்டிலிருந்து வந்தது என்று தனித்தனியே குறித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பின் ஒரு வேலை மிச்சம். அளந்த அதே பிசினை அதற்குரிய நீர்த்த அமிலத்தால் கழுவி உலோகத்தை இறக்கி, மணிகளை மீண்டும் 3 மோலார் அமிலத்தில் சமநிலைப்படுத்தி, அதன் நிறமாலையை நான்காவது புட்டியோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் பிரித்தெடுப்பான் சிதையவும் கசியவும் இல்லை; வேறுபட்டால், முதல் படியிலிருந்து புதிய பிசினோடு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.